ஜப்பானின் 'ஸீரோ' போர் விமானம்: எடைக் குறைப்பும் அதன் விளைவும்

1939ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில், ஜப்பானின் நகோயா நகரிலிருந்த மிட்சுபிஷி விமானத் தொழிற்சாலையிலிருந்து சில மாட்டு வண்டிகள் புறப்பட்டன. அந்நாட்டுக் கடற்படைக்கென அமைக்கப்பட்ட புதிய போர் விமானம் பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு அவற்றில் ஏற்றப்பட்டிருந்தது. தொழிற்சாலையை அடுத்து விமானத் தளம் கிடையாது. ஏறத்தாழ 48 கிலோமீட்டர் தொலைவிலிருந்த காகமிகஹாரா தளத்தில்தான் சோதனை நடைபெற வேண்டும். இடையிலிருந்த சாலையோ கரடுமுரடானது. மோட்டார் லாரியில் ஏற்றினால் குலுக்கலில் விமானம் பழுதுறும் என்று அஞ்சியே மாட்டு வண்டிகளை அமர்த்தினர். ஏப்ரல் முதல் நாளன்று அவ்விமானம் முதன்முறையாக வானில் எழுந்தது. அடுத்த ஆண்டில் கடற்படை அதனை ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு ஜப்பானியரின் மரபுவழி ஆண்டுக் கணக்கில் 2600ஆவது ஆண்டு. அதன் கடைசி இலக்கத்தைக் கொண்டு 'பூஜ்ய வகைப் போர் விமானம்' என்று பெயரிட்டனர். 'ஸீரோ' என்று உலகம் அறிந்தது இதனையே.

பசிபிக் போரின் முதல் ஆறு மாதங்களில் அக்கடற்பரப்பில் இவ்விமானத்திற்கு இணையில்லை. இரண்டே ஆண்டுகளில் அதே விமானம் பகைவர் எளிதில் வீழ்த்தும் இலக்காயிற்று. இம்மாறுதலுக்குப் போர்த் தந்திரங்களும் தொழில் வளமும் காரணமாயின என்பது உண்மையே. எனினும் அதன் வெற்றிக்கும் தோல்விக்கும் வித்து, அமைப்பாளரின் வரைபலகையிலேயே இடப்பட்டுவிட்டது. பௌதிகம் கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இவ்வரலாறு பெரிதும் பயன்படும்.

கடற்படையின் கோரிக்கை

புதிய விமானத்திற்கான நிபந்தனைகளை ஜப்பானியக் கடற்படை 1937ஆம் ஆண்டில் வெளியிட்டது. 4,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் வேண்டும். மூன்றரை நிமிடத்தில் 3,000 மீட்டர் உயரம் ஏற வேண்டும். சிக்கன வேகத்தில் 6 முதல் 8 மணி நேரம் பறக்க வேண்டும். 20 மில்லிமீட்டர்ப் பீரங்கிகள் இரண்டும் இயந்திரத் துப்பாக்கிகள் இரண்டும் தாங்க வேண்டும். எதிர்காற்று உதவியுடன் 70 மீட்டருக்குள் கப்பல் தளத்திலிருந்து எழும்ப வேண்டும். இவையனைத்தையும் நிறைவேற்றியபின், முன்னிருந்த இலேசான 96ஆம் வகை விமானத்தைப் போலவே வளைந்து திரும்பவும் வேண்டும்! இக்கோரிக்கை நிறைவேறாதது என்று கருதிய நகாஜிமா நிறுவனம் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. மிட்சுபிஷி நிறுவனத்தின் தலைமை அமைப்பாளர் ஜிரோ ஹொரிகோஷி மட்டும் பொறுப்பேற்றார்.

எல்லா நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றல் அரிதாகையால், எதற்கு முதலிடம் என்று கடற்படையினரிடமே அவர் வினவினார். 1938ஆம் ஆண்டு ஏப்ரலில் கூடிய கூட்டத்தில் மினோரு கெண்டா என்னும் விமானப்படை அதிகாரி, சண்டை விமானத்திற்குத் திரும்பும் ஆற்றலே உயிர் என்று வாதித்தார். டகேயோ ஷிபாடா என்பவரோ, வேகமும் நெடுந்தொலைவு செல்லும் வன்மையுமே முதன்மை. திரும்பும் திறனைப் பயிற்சியால் ஈடுசெய்யலாம் என்று மறுத்தார். இருவரும் தேர்ந்த விமானிகள். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. முடிவு எட்டப்படவில்லை. ஆகவே அனைத்தையும் நிறைவேற்றுவதன்றி ஹொரிகோஷிக்கு வேறு வழியில்லாது போயிற்று. விமானியின் உயிரைக் காக்கும் கவசத் தகட்டைப் பற்றியோ, குண்டு துளைத்தால் தீப்பற்றாத பெட்ரோல் தொட்டியைப் பற்றியோ கோரிக்கையில் ஒரு சொல்லும் இல்லை.

எடையுடன் போராட்டம்

வலிமை மிக்க எஞ்சின் கிடைத்திருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். ஆனால் ஜப்பானில் அப்போது கிடைத்த, அளவிற் சிறிய, சிக்கனமான எஞ்சின்களின் திறன் ஆயிரம் குதிரைத் திறனை எட்டவில்லை. முதல் மாதிரிகளில் 780 குதிரைத் திறன் கொண்ட 'ஸூய்ஸெய்' எஞ்சினும், மூன்றாம் மாதிரி முதல் 940 குதிரைத் திறன் கொண்ட 'ஸகாயெ' எஞ்சினும் பொருத்தப்பட்டன. எஞ்சினின் திறனைக் கூட்ட முடியாதெனில் எடையைக் குறைப்பதே வழி.

சாதாரண விமானங்களில் இறக்கைகளைத் தனியே செய்து உடலோடு பொருத்துவர். பொருத்துமிடத்தில் தடித்த இரும்புக் கட்டுக்கள் தேவைப்படும். ஹொரிகோஷி இரு இறக்கைகளையும் உடலின் முன்பகுதியையும் ஒரே கட்டாக அமைத்து அக்கட்டுக்களின் எடையை மிச்சப்படுத்தினார். உட்புறச் சட்டங்களில் விசை மிகாத இடங்களிலெல்லாம் துளைகள் இடப்பட்டன. அன்றைய விதிப்படி, ஒவ்வோர் உறுப்பும் பறக்கையில் ஏற்படும் மிகப் பெரிய பளுவைப்போல் 1.8 மடங்கு தாங்க வேண்டும். மெல்லிய சில உறுப்புக்கள் பளுவால் வளைந்தாலும் பளு நீங்கியதும் பழைய நிலைக்கு மீள்வன, அவற்றிற்கு 1.6 மடங்கே போதும் என்று அவர் வாதித்து இசைவு பெற்றார்.

இறக்கையின் முதுகெலும்பாகிய நெடுஞ்சட்டத்திற்குச் சுமிட்டோமோ உலோக நிறுவனம் கண்டுபிடித்த புதிய உலோகக் கலவை பயன்பட்டது. வழக்கமான டூராலுமினில் அலுமினியத்துடன் முக்கியமாகச் செம்பு கலந்திருக்கும். இப்புதுக் கலவையிலோ துத்தநாகமும் மக்னீசியமும் சேர்ந்தமையால் வலிமை மிகுந்தது. ஆகவே சட்டத்தை இன்னும் மெல்லியதாகச் செய்ய முடிந்தது. இதே இனத்தைச் சார்ந்த கலவைகளை அமெரிக்கரும் சில ஆண்டுகள் கழித்து உருவாக்கினர். பிற்காலத்தில் உலகெங்கும் விமானங்களில் அவை இடம்பெற்றன.

இவ்வளவு முயற்சியின் பயனாக, 12 மீட்டர் இறக்கை அகலமுள்ள அவ்விமானத்தின் வெற்று எடை ஏறத்தாழ 1,680 கிலோகிராம் என்ற அளவில் நின்றது. பெட்ரோலும் குண்டுகளும் விமானியும் சேர்ந்தபோது சுமார் 2,410 கிலோகிராம். உயர்ந்தபட்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 530 கிலோமீட்டர். 6,000 மீட்டர் உயரத்தை ஏழரை நிமிடத்திற்குள் எட்டியது.

திரும்பும் ஆற்றலின் பௌதிகம்

கயிற்றிற் கட்டிய கல்லைச் சுழற்றும்போது கயிற்றின் இழுவிசை கல்லை வட்டத்தில் நிறுத்துகிறது. திரும்பும் விமானத்திற்குக் கயிறு இல்லை. பக்கவாட்டில் சாய்ந்த இறக்கையின் தூக்கு விசையே அப்பணியைச் செய்கிறது. வேகம் இருமடங்கானால் வட்டத்தில் நிறுத்தத் தேவையான விசை நான்கு மடங்காகும். அதே சமயம் இறக்கை அளிக்கக்கூடிய தூக்கு விசையும் நான்கு மடங்காகும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்வதால், ஒரு விமானம் இயற்றக்கூடிய மிகச் சிறிய வட்டத்தின் அளவு வேகத்தைப் பொறுத்ததன்று. இறக்கையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் எத்தனை கிலோகிராம் சுமக்கிறது என்பதையே பெரிதும் பொறுத்தது. இதனை இறக்கைப் பளு என்பர்.

ஸீரோவின் இறக்கைப் பரப்பு 22.44 சதுர மீட்டர். எனவே இறக்கைப் பளு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 107 கிலோகிராம். அக்காலத்து அமெரிக்கக் கடற்படையின் 'வைல்டுகேட்' விமானத்தில் இது ஏறத்தாழ 150. மற்றவை சமம் எனக் கொண்டால், ஸீரோ இயற்றும் வட்டத்தின் ஆரம் வைல்டுகேட்டினுடையதில் நூற்றுக்கு எழுபது பங்கே ஆகும். பின்தொடரும் ஸீரோவை வளைந்து திரும்பித் தப்ப முயன்ற விமானி இரண்டு மூன்று சுற்றுக்களிலேயே அதன் பீரங்கிகளுக்கு முன் வந்து நின்றதற்குக் காரணம் இக்கணக்கே.

இயக்குகோலின் அமைப்பிலும் ஒரு நுட்பம் இருந்தது. விமானத்தின் மூக்கை உயர்த்தவும் தாழ்த்தவும் வாலிலுள்ள தட்டுக்களை விமானி கம்பிவடங்களின் மூலம் அசைக்கிறார். குறைந்த வேகத்தில் கோலை வெகு தூரம் இழுக்க வேண்டும். மிகுந்த வேகத்தில் சிறிது தொட்டாலே விமானம் துள்ளும். கம்பிவடங்கள் சற்றும் நீளாமல் விறைப்பாக இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஹொரிகோஷி வேண்டுமென்றே அவ்விதியை மீறிச் சற்று நீளக்கூடிய வடங்களை இட்டார். வேகம் மிகுந்து காற்றின் எதிர்ப்பு வலுக்கும்போது வடம் நீண்டு, தட்டின் அசைவைத் தானே குறைத்தது. விமானியின் கைக்கு எல்லா வேகங்களிலும் ஏறத்தாழ ஒரே வகையான உணர்வு கிட்டியது. தனிக் கருவி எதையும் சேர்க்காமல், ஒரு கிராம் எடையும் கூட்டாமல், கம்பியின் மீள்தன்மையைக் கொண்டே பெற்ற பயன் இது. இவ்விமானத்தின் உறுப்புக்களில் மிகவும் போற்றத்தக்கது இதுவே எனலாம்.

இரு மரணங்கள்

1940ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், இரண்டாம் மாதிரி விமானத்தைச் செங்குத்தாகப் பாயவிட்டுச் சோதித்தபோது அது வானிலேயே சிதறியது. சோதனை விமானி மசூமி ஒகுயாமா வெளியே வீசப்பட்டார். பாராசூட் விரிந்தும், தரையை அடையுமுன் அதினின்று பிரிந்து வீழ்ந்து உயிர் துறந்தார். வால் தட்டின் எடைச் சமநிலைக்காக அமைந்திருந்த ஒரு சிறு கை முறிந்ததே விபத்துக்குக் காரணம் என முடிவு செய்யப்பட்டது.

பலத்த காற்றில் கொடி படபடப்பதை அனைவரும் கண்டிருப்பர். விமானத்தின் தட்டுக்களும் குறிப்பிட்ட வேகத்தைக் கடந்தால் அவ்வாறே அதிரத் தொடங்கும். காற்றிலிருந்தே சக்தியைப் பெற்று ஒவ்வோர் அசைவிலும் அவ்வதிர்வு வளருமாதலின் சில நொடிகளில் உறுப்புக்கள் பிய்ந்துவிடும். தட்டின் எடை அதன் கீலுக்குப் பின்னே மிகுந்திருத்தல் இவ்வதிர்வைத் தூண்டுவதால், கீலுக்கு முன்னே ஒரு சிறு எடையைக் கையொன்றில் பொருத்திச் சமன் செய்வர். முறிந்தது அக்கையே.

இரண்டாம் விபத்து 1941ஆம் ஆண்டு ஏப்ரலில் நேர்ந்தது. விமானம் பக்கவாட்டில் சாய்வதற்கு இறக்கையின் பின்விளிம்பிலுள்ள சாய்வுத் தட்டுக்கள் உதவுகின்றன. ஸீரோ விரைந்து செல்கையில் இவற்றை அசைப்பது கடினம் என்று விமானிகள் முறையிட்டதால், விசையைக் குறைக்கும் துணைத் தட்டுக்கள் சேர்க்கப்பட்டன. சில மாதங்களில், பாய்ந்திறங்கிய விமானமொன்றின் சாய்வுத் தட்டுக்கள் பிய்ந்து போயின. அதன் விமானி அரிதின் முயன்று உயிருடன் தரை இறங்கினார். காரணத்தை ஆராயும் பொருட்டு மறுநாள், ஏப்ரல் 17ஆம் நாள், லெப்டினண்ட் மன்பெய் ஷிமோகாவா தாமே அவ்வாறு பாய்ந்து சோதித்தார். இறக்கையிலிருந்து துண்டுகள் பறந்தன, விமானம் கடலில் வீழ்ந்தது, அவர் மீளவில்லை.

கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த டடாஷி மட்சுதைரா என்னும் எஞ்சினீயர் இதனை ஆராய்ந்தார். காற்றுக் குகையில் முன்பு சோதித்த சிறிய மாதிரி, வடிவத்தில் உண்மை விமானத்தை ஒத்திருந்ததேயன்றி முறுக்கத்தைத் தாங்கும் விறைப்பில் ஒத்திருக்கவில்லை. ஆதலின் ஆபத்தான வேகம் உண்மைக்கு மாறாக மிக உயர்ந்ததெனக் கணிக்கப்பட்டிருந்தது. துணைத் தட்டுக்கள் அவ்வேகத்தை மேலும் தாழ்த்தின. மாதிரியைச் சரிவர அமைத்துச் சோதித்தபோது உண்மை புலப்பட்டது. இறக்கையின் தோல்தகடு தடிப்பாக்கப்பட்டது. துணைத் தட்டுக்கள் நீக்கப்பட்டன. விமானம் உடையாமல் காக்கப்பட்டது. ஆனால் சாய்வுத் தட்டுக்களின் பழைய கடினம் அப்படியே நின்றுவிட்டது. பின்னாளில் பகைவர் கண்டறிந்த முக்கியக் குறை இதுவே. (மட்சுதைரா போருக்குப் பின் ரயில்வே ஆராய்ச்சியில் சேர்ந்து, வேகமாகச் செல்லும் ரயில் பெட்டிகளின் அதிர்வை ஆராய்ந்தார். 1964ஆம் ஆண்டில் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய மணிக்கு 210 கிலோமீட்டர் வேக ரயிலுக்கு அவ்வாராய்ச்சி அடிகோலியது.)

போர்க்களத்தில்

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், சீனத்தின் சுங்கிங் நகர்மீது குண்டு வீசச் சென்ற விமானங்களுக்குத் துணையாக 13 ஸீரோக்கள் சென்றன. எதிர்த்த சீன விமானங்கள் பல வீழ்ந்தன. ஸீரோ ஒன்றும் வீழவில்லை. நகர மக்கள் அடைந்த துன்பத்தை இங்கு விவரித்தல் இயலாது. சீனத்திலிருந்து இவ்விமானத்தைப் பற்றிய எச்சரிக்கைகள் அனுப்பப்பட்டும், இத்தகைய விமானத்தை ஜப்பானியர் செய்திருக்க முடியாது என்று மேலைநாட்டு நிபுணர் பலர் புறக்கணித்தனர். இந்த அலட்சியத்திற்குப் பின்னர் அவர்கள் பெரும் விலை கொடுத்தனர்.

1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், தைவான் தீவிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கடல் கடந்து ஸீரோக்கள் பிலிப்பைன்ஸ் தீவுகளிலுள்ள அமெரிக்க விமானத் தளங்களைத் தாக்கித் திரும்பின. ஓர் எஞ்சின் கொண்ட சண்டை விமானம் இத்தனை தொலைவு வரும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. உடலின் அடியில் 330 லிட்டர் கொள்ளும், கழற்றி எறியத்தக்க தொட்டி ஒன்று இருந்தது. அதனுடன், எஞ்சினைக் குறைந்த சுழற்சியில் ஓட்டி, பெட்ரோலுடன் சேரும் காற்றின் விகிதத்தைக் கூட்டிச் சிக்கனமாகப் பறக்க விமானிகள் பல வாரம் பயின்றிருந்தனர். 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் இவ்விமானங்கள் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்து இலங்கையின் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய குண்டு விமானங்களுக்குத் துணை நின்றன. எதிர்த்தெழுந்த பிரிட்டிஷ் 'ஹரிக்கேன்' விமானங்கள் பெரும் இழப்புக்குள்ளாயின. அதே வாரத்தில் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் கடலிலிருந்து வந்த ஜப்பானியக் குண்டு விமானங்களால் தாக்கப்பட்டன.

சதுப்பில் கிடைத்த விமானம்

1942ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், அலாஸ்காவை அடுத்த அல்யூஷன் தீவுகளில் டச்சு ஹார்பர் தளத்தைத் தாக்கச் சென்ற ஸீரோ ஒன்றின் எண்ணெய்க் குழாயில் குண்டு பட்டது. அதன் விமானி டடயோஷி கோகா, அகுதான் என்னும் தீவில் பசும்புல் வெளியெனத் தோன்றிய இடத்தில் சக்கரங்களை இறக்கித் தரை தொட்டார். அது சதுப்பு நிலம். சக்கரம் புதைந்து விமானம் தலைகீழாகக் கவிழ்ந்தது. கழுத்து முறிந்து கோகா மாண்டார். விமானம் மட்டும் பெரும்பாலும் சேதமின்றிக் கிடந்தது. ஐந்து வாரங்களுக்குப் பின் அமெரிக்கர் அதனைக் கண்டெடுத்து, கலிபோர்னியாவுக்குக் கொண்டு சென்று செப்பனிட்டு, செப்டம்பர் மாதத்தில் பறக்கவிட்டனர்.

சோதனையில் இரு உண்மைகள் வெளிப்பட்டன. முதலாவது, மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்ததும் சாய்வுத் தட்டுக்கள் அசைக்க இயலாதபடி இறுகின. அதிலும் இடப்புறத்தைவிட வலப்புறம் சாய்வது கடினம். இரண்டாவது, மூக்கைத் திடீரெனத் தாழ்த்திப் பாய்ந்தால் எஞ்சின் திணறி நின்றது. கார்புரேட்டரில் பெட்ரோலின் மட்டத்தை ஒரு மிதவை கட்டுப்படுத்துகிறது. விமானம் சட்டென்று கீழே பாயும்போது, தொட்டி கீழிறங்கப் பெட்ரோல் மேலே ஒதுங்கி, எஞ்சினுக்குச் செல்லும் வழி தடைப்படுகிறது. எனவே ஸீரோ பின்தொடர்ந்தால் செங்குத்தாகப் பாய்க. வேகம் மிகுந்தபின் வலப்புறம் திரும்புக என்று அமெரிக்க விமானிகளுக்குப் போதிக்கப்பட்டது.

இவ்விமானம் கிடைத்ததால்தான் அமெரிக்கரின் 'ஹெல்கேட்' விமானம் அமைக்கப்பட்டது என்று பல நூல்கள் கூறும். இது பொருந்தாது. ஹெல்கேட்டின் முதல் மாதிரி 1942ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாளிலேயே பறந்துவிட்டது. அகுதான் விமானம் காணப்பட்டதோ ஜூலை 10ஆம் நாள். அவ்வாறே, இரண்டிரண்டு விமானங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிப் பறந்து ஒன்றையொன்று காக்கும் முறையை ஜான் தாச் என்னும் அமெரிக்க அதிகாரி போருக்கு முன்பே வகுத்து, மிட்வே போரில் கையாண்டார். கோகா மாண்ட அதே ஜூன் 4ஆம் நாளில் அது நடைபெற்றது.

பாதுகாப்பின்மை

மேலைநாட்டு விமானங்களின் பெட்ரோல் தொட்டிகளைச் சுற்றி ரப்பர் உறை இருந்தது. குண்டு துளைத்ததும் கசியும் பெட்ரோல் பட்டு உள்ளடுக்கிலுள்ள பதப்படுத்தாத ரப்பர் உப்பி, துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். ஸீரோவில் இது இல்லை. விமானியின் முதுகுக்குப் பின் கவசமும் இல்லை. சில குண்டுகள் பட்டாலே அது தீப்பிழம்பாயிற்று. 1937ஆம் ஆண்டில் எந்த நாட்டுப் போர் விமானத்திலும் இப்பாதுகாப்புக்கள் அரிதாகவே இருந்தன. ஆதலின் அமைப்பாளரை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. ஆனால் ஐரோப்பியப் போரின் அனுபவத்தால் மற்றவர்கள் 1940, 1941ஆம் ஆண்டுகளில் இவற்றைச் சேர்த்துக்கொண்டபோது, ஜப்பானியக் கடற்படை வாளாவிருந்தது. எடையைக் கூட்டினால் விமானிகள் பெரிதும் மதித்த திரும்பும் ஆற்றலும் தொலைவும் குன்றும் என்பது அதன் வாதம்.

இறந்த விமானிகளின் இடத்தை நிரப்புதல் எளிதன்று. போருக்கு முன் மிகக் கடுமையாகத் தெரிந்தெடுத்துப் பல ஆண்டு பயிற்றப்பட்டவர்கள் அவர்கள். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், ரபவுல் தளத்திலிருந்து ஏறத்தாழ 1,040 கிலோமீட்டர் பறந்து குவாடல்கனால் தீவில் போரிட்டு அதே தொலைவு திரும்பினர். சிறு காயமோ எஞ்சின் பழுதோ நேர்ந்தாலும் நடுக்கடலில் வீழ வேண்டியதே. விமானத்தின் தனிச் சிறப்பாகிய நெடுந்தொலைவே விமானிகளைத் தின்னலாயிற்று. அவ்வேளையில் வந்து சேர்ந்த 32ஆம் மாதிரியில், பெரிய எஞ்சினுக்கு இடம் தரப் பெட்ரோல் கொள்ளளவு குறைக்கப்பட்டிருந்தமையால், அது குவாடல்கனாலுக்குச் சென்று மீளவே இயலாது போயிற்று. மீண்டும் இறக்கையை நீட்டி, கூடுதல் தொட்டிகள் வைத்து 22ஆம் மாதிரியைச் செய்ய நேர்ந்தது.

1943ஆம் ஆண்டில் ஹெல்கேட் களத்தில் இறங்கிற்று. அதன் எஞ்சின் 2,000 குதிரைத் திறன். வெற்று எடையே ஏறத்தாழ 4,100 கிலோகிராம். ஸீரோ முழுச் சுமையுடன் நின்றாலும் அதைவிட இலேசு! கவசமும் ஆறு கனத்த துப்பாக்கிகளும் சுமந்துகொண்டே ஹெல்கேட் மணிக்கு 600 கிலோமீட்டர் கடந்தது. அவ்வாண்டு வெளிவந்த ஸீரோவின் 52ஆம் மாதிரியில் 1,130 குதிரைத் திறனே இருந்தது. வேகம் 565 கிலோமீட்டர். பின்வந்த பிரிவுகளில் தீயணைக்கும் கரியமில வாயு அமைப்பும் கவசமும் ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. அதே எஞ்சின் கூடிய எடையை இழுக்க வேண்டியதாயிற்று. 1944ஆம் ஆண்டு அக்டோபர் முதல் பல ஸீரோக்கள் வெடிகுண்டைச் சுமந்து, விமானியுடன் பகைவர் கப்பல்கள்மீது மோதி அழிய அனுப்பப்பட்டன.

ஆரம்பத்திலேயே 'கின்ஸெய்' என்னும் பெரிய எஞ்சினைப் பயன்படுத்த ஹொரிகோஷி கருதியிருந்தார். விமானம் பெரிதாகிவிடும், பழைய சிறு விமானங்களுக்குப் பழகிய விமானிகள் ஏற்கமாட்டார்கள் என்று அஞ்சியே அதனைக் கைவிட்டார். அவ்வகையில் மேம்பட்ட, ஏறத்தாழ 1,500 குதிரைத் திறனுள்ள எஞ்சின் இறுதியாக ஸீரோவில் பொருத்தப்பட்டு 1945ஆம் ஆண்டு ஏப்ரலில் பறந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஸீரோக்கள் செய்யப்பட்டன. அவற்றுள் அந்த எஞ்சின் கொண்டவை இரண்டே. அவ்வாண்டு ஆகஸ்டில் போர் முடிவுற்றது.